பிளாட்மேட்டுடன் ஒரே வீட்டில் இருந்தால் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் தனியாக ஒரு வீட்டுக்கு வாடகை கட்டுவது பலருக்கும் முடியாத காரியம். ஊர் நண்பர், கூட வேலை செய்தவர், தேவாலயத்திலோ கோயிலிலோ பழக்கமானவர் என்று யாரோ ஒருவருடன் வீட்டைப் பகிர்ந்துகொள்கிறோம். அதில் ஒருவர் யூனிவர்சல் கிரெடிட் (வேலை இல்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) கேட்டவுடன், "இவர் உங்கள் பார்ட்னரா?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. பதில் தெளிவாக இல்லாததால் நியாயமாக வரவேண்டிய பணத்தை இழந்தவர்கள் உண்டு. கீழே உள்ளவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கானவை. தொகைகள் 2025-26 நிதியாண்டுக்குரியவை.

நானும் நண்பரும் ஒரே பிளாட்டில் இருக்கிறோம். சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டுமா?

வேண்டாம். சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டியவர்கள் ஜோடிகள் மட்டும்தான். 2012-ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், 39-ஆம் பிரிவில், ஜோடி என்றால் யார் என்று சொல்கிறது: திருமணமோ சிவில் பார்ட்னர்ஷிப்போ (சட்டப்படி பதிவு செய்த துணை உறவு) செய்து ஒரே குடித்தனமாக இருப்பவர்கள், அல்லது திருமணம் செய்யாமலே மணமானவர்களைப் போலச் சேர்ந்து வாழ்பவர்கள். ஒரே முகவரி, ஒரே சமையலறை, ஒரே வாசல் என்பதால் மட்டும் யாரும் ஜோடி ஆகிவிடுவதில்லை. நீங்கள் தனிநபராக விண்ணப்பிக்கலாம். நண்பருக்கும் தேவை இருந்தால் அவர் தனியாக இன்னொரு விண்ணப்பம் போடலாம்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து இருந்தால்தான் இந்தச் சந்தேகம் வரும் என்று நினைக்க வேண்டாம். ஒரே பாலினத்தவருக்கும் 2005 டிசம்பரிலிருந்து இதே அளவுகோல்தான். இரண்டு ஆண்கள் இருக்கும் வீட்டிலும் கேட்பார்கள்.

ஜோடி என்று முடிவானால் எவ்வளவு பணம் போகும்?

25 வயது நிரம்பிய தனிநபருக்கு அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண்டு. இருவர் தனித்தனியாக வாங்கினால் 800.28. ஜோடியாக வாங்கினால் 628.10. இருவருக்குமாக 172.18 பவுண்டு குறைகிறது.

உண்மையான அடி இதில் இல்லை. ஒருவர் வேலையில் இருந்து, மற்றவருக்கு வேலை போயிருந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஜோடி என்றால் வேலையில் இருப்பவரின் சம்பளமும் கணக்கில் வரும். பிள்ளைகளோ உடல்நலக் குறைபாடோ இல்லாவிட்டால், கைக்கு வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் கழிப்பார்கள். நண்பர் மாதம் 1,800 பவுண்டு வாங்குகிறார் என்றால் 990 பவுண்டு கழிந்துவிடும். உங்கள் சோற்றுக்கு ஒரு காசும் தரக் கடமைப்படாத ஒருவரின் சம்பளத்தால் உங்கள் உதவித்தொகை கரைகிறது. அவருடைய சேமிப்பும் சேரும்: 6,000 பவுண்டுக்கு மேல் போனால் தொகை குறையத் தொடங்கும், 16,000-ஐத் தாண்டினால் உதவியே கிடையாது. தனிநபருக்கும் ஜோடிக்கும் இந்த எல்லை ஒன்றுதான்.

எதை வைத்து ஜோடி என்று தீர்மானிக்கிறார்கள்?

ஆறு விஷயங்களைப் பார்ப்பார்கள்: ஒரே குடித்தனமா, உறவு நிலையானதா, பண உதவி உண்டா, பாலுறவு உண்டா, பிள்ளைகள் உண்டா, வெளியுலகுக்கு ஜோடியாகக் காட்டிக்கொள்கிறீர்களா. இவற்றில் எதுவும் தனியாக விடை சொல்லாது. ஆறில் நாலு வந்தால் ஜோடி என்ற கணக்கும் கிடையாது. மொத்தமாகப் பார்த்து, இவர்கள் வாழ்வது மணமானவர்களின் வாழ்க்கை போல இருக்கிறதா என்றுதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த ஆறையும் நிலைநிறுத்தியது 1980-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் சேர்த்து விசாரித்த இரண்டு வழக்குகள். ஒன்றில், விபத்தில் அடிபட்ட பெண்மணிக்கு உதவியாக ஓர் ஆண் நண்பர் வந்து தங்கினார். சமையலும் வீட்டு வேலையும் அவர்தான் செய்தார். படுக்கையறைகள் வேறு. அவர்கள் ஜோடி இல்லை என்றே முடிந்தது. ஒருவர் ஏன் அந்த வீட்டில் இருக்கிறார் என்ற காரணமும் முக்கியம் என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம். அதனால் "வாடகையைப் பங்கிட", "அறுவைச் சிகிச்சைக்குப் பின் பார்த்துக்கொள்ள" என்று உங்கள் காரணம் எதுவோ அதை நேராகச் சொல்லுங்கள். பிந்தைய தீர்ப்புகளில், இருவருக்கும் இடையே மனப்பிணைப்பு எப்படிப்பட்டது என்பதற்கும் கனம் கொடுத்திருக்கிறார்கள்.

பாலுறவைப் பற்றி அதிகாரி தானாகக் கேள்வி கேட்கக் கூடாது. நீங்களாகச் சொன்னால் பதிவு செய்துகொள்வார். "எங்களுக்குள் அப்படி எதுவும் இல்லை, ஒருபோதும் இருந்ததும் இல்லை" என்பது உண்மையானால், கூச்சப்படாமல் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

வாரத்தில் மூன்று இரவு தங்கினால் ஜோடி ஆகிவிடும் என்கிறார்களே?

அப்படி ஒரு விதியே இல்லை. இரவுகளின் எண்ணிக்கை எதையும் சட்டம் சொல்லவில்லை.

விண்ணப்பத்தில் "பார்ட்னர்" என்ற இடத்தில் என்ன போட வேண்டும்?

அங்கே பார்ட்னர் என்றால் வாழ்க்கைத் துணை. வாடகையில் பங்காளி, தொழிலில் பங்காளி எல்லாம் அதில் வர மாட்டார்கள். பிளாட்மேட் பார்ட்னர் இல்லை என்றால் "இல்லை" என்று தேர்ந்தெடுங்கள். ஆனால் அவர் வீட்டில் இருப்பதை மறைக்காதீர்கள். வீட்டுவசதிப் பகுதியில் வாடகை ஒப்பந்தத்தில் வேறு யார் பெயர் இருக்கிறது, வீட்டில் வேறு யார் வசிக்கிறார்கள் என்று கேட்கும். அங்கே அவர் பெயரை எழுதுங்கள். மறைத்த பெயர் பிறகு கவுன்சில் பதிவிலோ வாக்காளர் பட்டியலிலோ கிடைத்தால், நட்பு என்று நீங்கள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

விண்ணப்பம் போட்ட அன்றே ஜேர்னலில் (உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் அதிகாரிகளுக்கு எழுதும் பகுதி) இந்த விவரங்களை எழுதி வையுங்கள்: நண்பருடன் எந்தத் தேதியிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறேன், இருவருக்கும் தனித்தனி அறை, வாடகை மொத்தம் இவ்வளவு, என் பங்கு இவ்வளவு, வங்கிக் கணக்குகள் தனித்தனி, நாங்கள் ஜோடி இல்லை. ஐந்து வரி போதும். அது தேதியோடு பதிவில் நிற்கும். இரண்டு வருடம் கழித்து யாராவது சந்தேகம் கிளப்பினால், முதல் நாளே சொன்னவர் நீங்கள்.

எங்கள் பேச்சு வழக்கே எங்களுக்கு எதிராகத் திரும்புமா?

திரும்பும். தமிழர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

"நாங்கள் ஒன்றாக இருக்கிறோம்" என்று சொல்கிறீர்கள். மொழிபெயர்ப்பாளர் அதை "லிவிங் டுகெதர்" என்று சொல்கிறார். உங்களுக்கு அது ஒரே வீடு. அதிகாரிக்கோ ஜோடிகளைக் குறிக்கும் சட்டச் சொல் அது. "ஒரே வீட்டில் தனித்தனி அறையில் வாடகைக்கு இருக்கிறோம்" என்று முழுதாகச் சொல்லுங்கள். "குடும்பம் மாதிரி" என்பதையும் தவிர்த்துவிடுங்கள். பாசத்தில் சொன்ன வார்த்தை, பதிவில் வேறு பொருளோடு உட்காரும்.

இன்னொன்று, "அண்ணா", "அக்கா", "மச்சான்". வயதில் மூத்த பிளாட்மேட்டை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். "வீட்டில் யார்?" என்றதும் "அண்ணா" என்கிறோம். கூடப்பிறந்த சகோதரன் என்று எழுதிக்கொள்வார்கள். பிறகு பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் வேறாக இருப்பதைப் பார்த்தால், நீங்கள் பொய் சொன்னதாகவே தோன்றும். இரத்த உறவு இல்லை என்றால் "நண்பர்" என்றே சொல்லுங்கள். உண்மையிலேயே உடன்பிறந்தவர்கள் என்றால் ஜோடி என்ற கேள்வி எழாது, ஏனெனில் சட்டப்படி அவர்கள் மணக்க முடியாது. மாமா மகள், அத்தை மகன் உறவுக்கு அந்தக் காப்பு இல்லை. பிரிட்டனில் அவர்கள் மணக்கலாம். ஆகவே அவர்களைப் பற்றியும் கேட்கலாம்.

மொழிபெயர்ப்பாளரை ஜாப் சென்டர் (இந்த உதவித்தொகையைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) இலவசமாக ஏற்பாடு செய்யும். பிளாட்மேட்டையே மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள்.

வாடகை உதவி எப்படிப் பிரியும்?

ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருந்தால் வாடகையைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பார்கள். 1,500 பவுண்டு என்றால் ஆளுக்கு 750. பெரிய அறைக்காரர் 850, சின்ன அறைக்காரர் 650 கட்டுகிறார்கள் என்றால், சமமாகப் பிரிப்பது நியாயமில்லை என்று கேட்டு உண்மையான பங்கின்படி தரச் சொல்லலாம். அதற்கு அந்தத் தொகைகள் ஒப்பந்தத்திலோ வீட்டுக்காரரின் கடிதத்திலோ இருக்க வேண்டும், வங்கிக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

தனியார் வாடகையில் உச்சவரம்பு உண்டு. 35 வயதுக்குக் கீழ் உள்ள, பிள்ளை இல்லாத தனிநபருக்குப் பகிர்வு வீட்டு அறைக்கான விகிதம்தான் கிடைக்கும். இதற்கு விலக்குகள் உண்டு: பிப் உதவியில் (நீண்டகால நோயோ உடல், மனக் குறைபாடோ உள்ளவர்களுக்கான உதவித்தொகை) அன்றாட வாழ்க்கைப் பகுதி பெறுபவர், 25 வயதுக்குட்பட்ட, பராமரிப்பு இல்லத்திலிருந்து வந்தவர், வீட்டு வன்முறைக்கு ஆளானவர் போன்றோர். 35 ஆகிவிட்டால், பகிர்ந்து இருந்தாலும் ஓர் அறை வீட்டுக்கான விகிதம் பொருந்தும். ஆனால் நீங்கள் உண்மையில் கட்டும் பங்கைவிட அதிகம் தர மாட்டார்கள். பலருக்கு இந்த 35 வயது மாற்றம் தெரிவதில்லை. பிறந்தநாள் வந்த மாதத்தில் தொகை மாறாவிட்டால் ஜேர்னலில் கேளுங்கள்.

ஒப்பந்தம் நண்பர் பெயரில்தான் இருக்கிறது. நான் அவரிடம் வாடகை கொடுக்கிறேன்.

அதற்கும் வாடகை உதவி கேட்கலாம். அது உண்மையான வாடகையாக இருக்க வேண்டும்: குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட தேதி, கட்டாவிட்டால் வெளியேற வேண்டியிருக்கும் என்ற புரிதல். ஒரு பக்கக் கடிதம் போதும். அறை, தொகை, எந்த நாளிலிருந்து, பில்கள் சேர்த்தா சேர்க்காமலா, இருவர் கையெழுத்து. கையில் காசாகக் கொடுக்காதீர்கள். மாதாமாதம் வங்கி வழியாக, குறிப்பில் "ரென்ட்", மாதம், கதவு எண் மூன்றையும் போட்டு அனுப்புங்கள். ஆறு மாதம் அப்படி அனுப்பினால் அதுவே உங்கள் சாட்சி.

கூடவே வசிக்கும் நெருங்கிய உறவினருக்குக் கொடுக்கும் வாடகைக்கு உதவி கிடைக்காது. அப்பா, அம்மா, பிள்ளைகள், சகோதரர், சகோதரி, இவர்களின் துணைவர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இங்கேயும் "மச்சான்" என்ற ஒரே சொல் குழப்பும்: அக்காவின் கணவர் பட்டியலில் வருவார், மாமா மகன் வரமாட்டார்.

மறுபுறம், நீங்கள் உதவித்தொகை பெறுபவராக இருந்து, உங்கள் வீட்டில் ஒருவருக்கு அறையை வாடகைக்கு விட்டால், அவர் தரும் பணத்தை யூனிவர்சல் கிரெடிட் வருமானமாக எண்ணாது. ஆனால் வாடகை தராமல் தங்கும் வயதுவந்த ஒருவர் என்றால், உங்கள் வாடகை உதவியிலிருந்து மாதம் 93.02 பவுண்டு வரை கழிக்கலாம். கவுன்சிலோ வீட்டுச் சங்கமோ தரும் சமூக வீடானால், அறையை வாடகைக்கு விடும் முன் வீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சாப்பாடு, பில்கள் சேர்த்துச் செய்தால் பிரச்சினையா?

ஞாயிற்றுக்கிழமை ஒரு பானை கறி வைத்து இருவரும் சாப்பிடுவதால் யாரும் ஜோடி ஆக மாட்டார்கள். ஒரே அரிசி மூட்டை, ஒரே ரைஸ் குக்கர், ஒரே வைஃபை எல்லாம் பகிர்வு வீட்டில் இயல்பு. கேள்வி என்னவென்றால், செலவைப் பங்கிடுகிறீர்களா, ஒருவர் மற்றவரைத் தாங்குகிறாரா?

அதனால் கணக்கு வையுங்கள். மின்சாரம் ஒருவர் பெயரில், இணையம் மற்றவர் பெயரில் இருக்கட்டும். பாதியை அந்தந்த மாதமே அனுப்பிவிடுங்கள். கூட்டு வங்கிக் கணக்கு வேண்டவே வேண்டாம். கடன் பதிவு நிறுவனங்களில் இருவரையும் பணத்தால் பிணைத்துக் காட்டும். கார் காப்பீட்டில் பிளாட்மேட்டை ஓட்டுநராகச் சேர்க்கும்போது, பிரீமியம் குறைகிறது என்று உறவுமுறையில் துணைவர் எனத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டு ஏஜென்ட் "கப்பிள் என்றால் உடனே தருவார்கள்" என்று சொன்னாலும் அந்தப் படிவத்தில் அப்படி எழுதாதீர்கள். இவை பின்னாளில் உங்கள் கையெழுத்தோடு மேசைக்கு வரும்.

சீட்டுப் பிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பிளாட்மேட்டிடமிருந்து மாதம் 200 பவுண்டு வந்தால், அதிகாரிக்கு அது செலவுக்குத் தரும் பணம் போலத் தெரியும். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் "சீட்டு" என்று குறிப்பிடுங்கள், பங்காளர் பட்டியலை வைத்திருங்கள். சீட்டு எடுத்து மொத்தப் பணம் கணக்கில் விழும்போது சேமிப்பு 6,000-ஐத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். தாண்டினால் அறிவிக்க வேண்டும்.

ஒரு படுக்கையறை வீட்டில் இரண்டு நண்பர்கள் இருக்கிறோம்.

அதுவும் முடிவான ஆதாரம் இல்லை, ஆனால் கூடுதல் கேள்வி வரும். ஒருவர் ஹாலில் படுக்கிறார் என்றால் அங்கே அவருடைய கட்டில் அல்லது சோபா கட்டில், துணி அலமாரி, பெட்டி இருப்பதைத் தேதியுள்ள படங்களாக வைத்திருங்கள். அதிகாரிகள் வீட்டுக்கு வந்தால் அடையாள அட்டை கேளுங்கள். உள்ளே விடுவது உங்கள் விருப்பம். விடாவிட்டால், கேட்ட விவரங்களை வேறு வழியில் தருவதாக அன்றே ஜேர்னலில் எழுதிவிடுங்கள்.

கவுன்சில் டாக்ஸில் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) 25 சதவீதத் தள்ளுபடி கிடைக்குமா?

இருவரும் வயதுவந்த பெரியவர்கள் என்றால் கிடைக்காது. அது வீட்டில் ஒரே பெரியவர் இருப்பதற்கான தள்ளுபடி. ஜோடியா நண்பரா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. பிளாட்மேட் முழுநேர மாணவர் என்றால் அவரை எண்ண மாட்டார்கள். கல்லூரிக் கடிதம் வாங்கி அனுப்பினால் உங்களுக்குத் தள்ளுபடி கிடைக்கும். இந்தத் தள்ளுபடியை வாங்கிக்கொண்டே இன்னொரு பெரியவருடன் இருப்பது, ஒரே நேரத்தில் இரண்டு அலுவலகங்களில் மாட்டிக்கொள்ளும் வழி. நண்பர் குடிவந்த வாரமே கவுன்சிலுக்குச் சொல்லிவிடுங்கள்.

பிளாட்மேட்டின் விசாவில் அரசு உதவி பெற முடியாது என்று இருக்கிறது. என்னால் அவருக்குச் சிக்கல் வருமா?

நீங்கள் தனிநபராகப் பெறும் யூனிவர்சல் கிரெடிட் உங்களுடையது. அவர் எதையும் பெறவில்லை. கவனிக்க வேண்டியது கவுன்சில் டாக்ஸ்: குறைந்த வருமானத்துக்கான வரிக் குறைப்பு அரசு உதவிப் பட்டியலில் உள்ளது, அதை அவர் கேட்கக் கூடாது. உங்கள் பங்குக்கு நீங்கள் மட்டும் கேளுங்கள். 25 சதவீதத் தள்ளுபடி அந்தப் பட்டியலில் இல்லை. ஜோடி என்று தவறாக முடிவு செய்தால், தொகையைத் தனிநபருக்கான அளவில் மட்டும் கொடுத்துவிட்டு, அவருடைய சம்பளத்தையும் சேமிப்பையும் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். இருபுறமும் நட்டம்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன கொண்டு போக வேண்டும்?

முதலில் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். எச்சரிக்கையின் கீழ் நடக்கும் நேர்காணல் (இன்டர்வியூ அண்டர் காஷன்) என்று இருந்தால் அது குற்ற விசாரணை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் (இலவச ஆலோசனை தரும் அமைப்பு), சட்ட மையம் அல்லது வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்காமல் போகாதீர்கள். தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம்.

சாதாரண நேர்காணல் என்றால் வாடகை ஒப்பந்தம், கடைசி ஆறு மாத வங்கி அறிக்கை, பங்கிட்ட பில்கள், முன்பே ஜேர்னலில் எழுதியதன் பிரதி, வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கடிதம், பிளாட்மேட் கையெழுத்திட்ட அறிக்கை போதும். யார் சமைக்கிறார், யார் துணி துவைக்கிறார், நோய் வந்தால் யார் பார்ப்பார், பண்டிகைக்கு எங்கே போவீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். "காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவார்" என்பது உண்மையானால் அதைச் சொல்வதில் தப்பில்லை. நல்ல நண்பர்கள் அப்படித்தான். எழுதிய அறிக்கையில் உங்கள் சொல் இல்லாத வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், திருத்தச் சொல்லுங்கள்.

ஜோடி என்று முடிவு செய்து பணத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். ஜேர்னலிலேயே கேட்கலாம். ஆறு விஷயங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, உங்கள் பதிலையும் அதற்கான ஆதாரத்தையும் எழுதுங்கள். ஏற்கெனவே வந்துகொண்டிருந்த உதவியை நிறுத்தினால், நிலைமை மாறியது என்று காட்டும் பொறுப்பு உதவித்தொகை வழங்கும் அரசுத் துறையுடையது. எந்த ஆதாரத்தை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள்.

மறுபரிசீலனையிலும் மறுத்தால், அந்தக் கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. கட்டணம் இல்லை. நேரில் விசாரிக்கக் கேளுங்கள். பிளாட்மேட்டைச் சாட்சியாக அழைத்துப் போகலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம்.

இதற்கிடையில் கை காய்ந்துவிடும். தனிநபராகப் புதிய விண்ணப்பம் ஒன்றை உடனே போட்டு, முந்தைய முடிவை எதிர்க்கிறேன் என்பதையும் சொல்லுங்கள். பணம் வந்தால் போதும் என்று கூட்டு விண்ணப்பத்துக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். ஜோடி என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கூடுதலாக வாங்கிய பணம் என்று பழைய மாதங்களையும் திருப்பிக் கேட்பார்கள். அப்படிக் கேட்டால், வழக்கமாக மாதம் அடிப்படைத் தொகையில் 15 சதவீதம் வரை கழிப்பார்கள். விவரம் தராத கவனக்குறைவுக்கு 50 பவுண்டு அபராதமும் போடலாம்.

கணவரும் நானும் பிரிந்துவிட்டோம். போக இடமில்லாமல் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம் இருக்க முடியும். ஆனால் நண்பர்களைவிட உங்களுக்கு நிரூபிப்பது கடினம். பிரிந்த தேதி, தனி அறை, தனிச் சமையல், தனிக் கணக்கு, வக்கீல் கடிதம், வேறு வீடு தேடும் விண்ணப்பங்கள் எல்லாம் உதவும். வன்முறை இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள், தனியறையில் பேசக் கேட்கலாம்.

வயதான அம்மா, அவரைவிட இளைய தோழியுடன் இருக்கிறார். பென்ஷன் கிரெடிட்டுக்கும் இதே விதியா?

பென்ஷன் கிரெடிட் என்பது ஓய்வூதிய வயதை எட்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கான உதவி. அளவுகோல் அதேதான். விளைவு இன்னும் கடுமை: 2019 மே 15 முதல், துணை ஓய்வூதிய வயதை எட்டாதவராக இருந்தால் புதிதாகப் பென்ஷன் கிரெடிட் கேட்க முடியாது. தோழியைத் துணை என்று தவறாக எழுதினால் அம்மா அதை முழுதாக இழப்பார். அரசு ஓய்வூதியம், பிப், நியூ ஸ்டைல் வேலையிழப்பு உதவி ஆகியவற்றை யாருடன் வசிக்கிறார் என்பது பாதிக்காது.

நட்பு காதலாகிவிட்டால்?

வாழ்த்துகள். எந்தக் கட்டத்தில் ஒரே குடித்தனமாகி, துணைவர்களாக வாழத் தொடங்கினீர்களோ, அதை உங்கள் உதவித்தொகையைக் கணக்கிடும் அந்த மாதம் முடியும் முன் "மாற்றத்தை அறிவி" பகுதியில் சொல்லுங்கள். மாற்றம் அந்தக் கணக்கு மாதத்தின் முதல் நாளிலிருந்து கொள்ளப்படும். இருவரும் உதவி பெறுபவர்கள் என்றால், ஒருவர் கணக்கில் வரும் இணைப்புக் குறியீட்டை மற்றவர் தன் கணக்கில் போட்டுச் சேர வேண்டும்.